கோடையிலும் கரையாத பனித்திட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்டிக் என்றதும் பனியாறு, கடலில் மிதக்கும் பனிமலை, வெள்ளைக் கரடி, இந்த மூன்றும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இங்கே பேசப்போவது அதைவிடச் சின்ன சமாச்சாரம். ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவில் அழுக்குத் துணி மாதிரி ஒட்டிக் கிடக்கும் பனித்திட்டு. ஃபோட்டோ எடுக்கக்கூட யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் அந்த நிலம் இன்று இருக்கிற உருவத்துக்கு வந்ததில் அதற்கு நல்ல பங்கு உண்டு. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒன்றாகத் திரட்டி, தெரிந்த வரைக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், எந்தப் பனியைச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. தமிழில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் ஜனவரி காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் பனி, சைபீரியாவில் ஆளுயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனிதான். அதனால் இங்கே ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். பனி என்றால் வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழும் வெண்பனி. ஐஸ் என்றால் இறுகிப்போன கட்டி. உறைநிலம் என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து பூச்சிய டிகிரிக்கு மேலே ஏறாத மண்ணோ பாறையோ. உள்ளே ஐஸ் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில் வராது, வெப்பநிலை மட்டும்தான் கணக்கு.

பனித்திட்டும் பனியாறும் ஒன்றுதானே?

இல்லை. பனியாறு நகரும். ஐஸ் ஏறக்குறைய 30 மீட்டர் தடிமனைத் தாண்டினால் தன் எடையாலேயே நசுங்கி, கெட்டியான மாவு மாதிரி மெல்ல வழிய ஆரம்பித்துவிடும், வழியில் பாறையைச் சுரண்டிக்கொண்டே போகும். பனித்திட்டுக்கு அந்தக் கனம் கிடையாது. விழுந்த இடத்திலேயே கிடக்கும். சில திட்டுகள் ஆகஸ்டு கடைசியில் காணாமல் போய்விடும், சில அடுத்த குளிர்காலப் பனி வந்து மூடும் வரை தாக்குப்பிடிக்கும். இரண்டாவது ரகத்துக்கு ரஷ்யர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெரெலெத்தோக்'. 'லெத்தோ' என்றால் கோடை, மொத்தத்தில் கோடையைத் தாண்டி வந்தது என்று அர்த்தம். இதைவிடக் கச்சிதமான பெயர் வேறு மொழியில் இருக்கிறதா தெரியவில்லை.

ஆர்க்டிக்கில் பனியே குறைவாகத்தான் விழும் என்கிறார்களே, அப்புறம் திட்டு எப்படிச் சேர்கிறது?

உண்மைதான், உயர் ஆர்க்டிக் ஒரு பாலைவனம். பல இடங்களில் ஆண்டு முழுக்க விழும் மழை, பனி இரண்டையும் தண்ணீராக்கி அளந்தால் 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நம்மூரில் வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் அதைக் கொட்டிவிட்டுப் போனதுண்டு.

ஆனால் விழுந்த பனி விழுந்த இடத்தில் நிற்பதில்லை, அதுதான் விஷயம். மேட்டுநிலத்தில் மரம் கிடையாது, புதர் கிடையாது, காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. எட்டு ஒன்பது மாதக் குளிர்காலம் முழுக்கக் காற்று அந்தப் பனியைப் பெருக்கிப் பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். மேடு முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் காற்றின் வேகம் சட்டென்று விழும், தூக்கிக்கொண்டு வந்ததை அங்கேயே போட்டுவிடும். கடற்கரை மணல் மதில் சுவரின் மறுபக்கத்தில் போய்க் குவிகிறதே, அதே கதை. மேட்டில் கருங்கல் மொட்டையாகத் தெரிய, பக்கத்துப் பள்ளத்தில் ஐந்து, பத்து மீட்டர் ஆழத்துக்குப் பனி. குளிர்காலக் காற்று ஒரே திசையிலிருந்து அடிக்கிற ஊரில் திட்டு ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில்தான் உட்காரும். அதே இடத்தில் ஆயிரம் ஆண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் மிச்சக் கதை.

காற்று பனியை மட்டும் பெருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். காய்ந்த மண், மணல், உதிர்ந்த இலை, பாசித் துணுக்கு, பூச்சியின் இறக்கை, எலிப் புழுக்கை, எல்லாமே சேர்ந்து வரும். இந்தக் குப்பைதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஜூலை பாதியில் ஒரு திட்டின் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது கிட்டத்தில் வெள்ளையே இல்லை. மேற்பரப்பு முழுக்கக் கையளவு, தட்டளவு குழிகள், குழிகளின் விளிம்பில் கறுப்பாக மண். சில இடங்களில் தர்பூசணிச் சாறு சிந்தியது போல ஒரு சிவப்பு. அது பனியில் வாழும் பாசி. 1818-ல் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கிரீன்லாந்தின் கேப் யார்க் அருகே மலைச்சரிவே சிவந்து கிடப்பதைப் பார்த்து அசந்துபோய், அதற்குச் செங்குன்றம் என்ற அர்த்தத்தில் பெயரே வைத்துவிட்டார்.

விளிம்பில் பனியை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும்: ஒரு வரி வெள்ளை, ஒரு வரி பழுப்பு, மறுபடி வெள்ளை. மேலே கரகரவென்று சீனி மாதிரி இருக்கும் பனி, கீழே போகப்போக இறுகி, அடித்தளத்தில் உண்மையான ஐஸாகவே இருக்கும். மேலே உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி, குளிர்ந்த தரையைத் தொட்டதும் மறுபடி உறைந்ததால் வந்த ஐஸ் அது.

கீழ் விளிம்பில்தான் சத்தம். சொட்டு சொட்டாக, பிறகு நூலாக, பிறகு விரல் தடிமனில் தண்ணீர் பனிக்கு அடியிலிருந்து ஓடிவரும். கால் வைத்தால் கணுக்கால் வரை சேறு. அந்தச் சேற்றின் மேல் சாம்பல் நிறத்தில், முகப்பவுடர் போல மெல்லிசான ஒரு வண்டல் படலம் படிந்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறுநெறுப்புகூடத் தெரியாது. இன்னும் பத்தடி கீழே போனால் பச்சைப்பசேல் என்று பாசி. இருபக்கமும் காய்ந்த கல், நடுவில் மட்டும் பச்சைக் கோடு. மற்ற இடங்களில் ஜூனிலேயே எல்லாப் பனியும் இரண்டு மூன்று வாரத்தில் உருகி ஓடித் தீர்ந்துவிட, கோடை முழுக்க அந்தச் சரிவுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரே தொட்டி இந்தத் திட்டுதான்.

பனி பாறையை அரிக்குமா? நகரவே நகராது என்றீர்களே?

இதில்தான் நூறு ஆண்டுச் சண்டை. 1900-ல் ஃபிரான்சுவா மத்தேஸ் என்ற நிலவியலாளர், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள பிக்ஹார்ன் மலையில் வேலை செய்தபோது, பனியாறே போகாத சரிவுகளில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் இருப்பதையும், ஒவ்வொன்றிலும் பனி தேங்கியிருப்பதையும் கவனித்தார். நகராத பனியே தன் பள்ளத்தைத் தானே தோண்டிக்கொள்கிறது என்றார். அதற்கு 'நைவேஷன்' என்று பெயரும் வைத்தார், லத்தீனில் பனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து. விளிம்பில் உள்ள பாறை வெடிப்புகளில் பகலில் தண்ணீர் இறங்குகிறது, இரவில் உறைகிறது, உறைந்தால் 9 சதவீதம் பருக்கும், பாறை பிளக்கிறது. கேட்க நன்றாக இருந்தது. எழுபது ஆண்டுக்கும் மேல் பாடப்புத்தகங்கள் அதையே ஒப்பித்தன.

1970-களில் காலின் தார்ன் என்பவர் கொலராடோ மலைகளில் வெப்பமானியும் வண்டல் பொறியும் வைத்து உண்மையிலேயே அளந்து பார்த்தார். பனித்திட்டைச் சுற்றி உறைந்து உருகும் தடவைகள் ஒன்றும் அதிகமில்லை. கனமான பனி மூடியிருந்தால் தரைக்கு ராத்திரி, பகலே தெரியாது, பிறகு எப்படித் தினமும் உறைந்து உருகும்? ஆனால் வேறு இரண்டு விஷயம் கூடியிருந்தது. மண் அடித்துச் செல்லப்படுவது பத்து மடங்கு வாக்கில், கல் ரசாயன முறையில் கரைவது இரண்டிலிருந்து நான்கு மடங்கு. இவ்வளவு குளிரில் ரசாயனமா என்றால், ஆமாம். குளிர்ந்த தண்ணீர் கரியமில வாயுவை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும், பூச்சிய டிகிரியில் அது பிடிக்கும் அளவு 20 டிகிரியில் பிடிப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சோடா பாட்டிலை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம் என்று யோசித்தால் புரிந்துவிடும்.

என் கட்சி எது என்று கேட்டால், பனியை உளி என்று நினைப்பதே தப்பு என்பேன். அது தண்ணீர்த் தொட்டியும் குப்பைப் பொறியும் சேர்ந்த ஒன்று. தோண்டும் வேலை திட்டுக்கு அடியில் நடப்பதைவிட, அதன் கீழ் விளிம்பிலும் அதற்கும் கீழே உள்ள ஈரச் சரிவிலும்தான் நடக்கிறது. அந்தச் சரிவில் மேலே கொஞ்ச ஆழம் இளகி, அதற்குக் கீழே உறைநிலம் கெட்டியாகக் கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. மேல்மண் கஞ்சியாகி, வழுக்கிக்கொண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே நகர்கிறது. பள்ளம் கொஞ்சம் அகலமாகிறது. அகலமான பள்ளத்தில் அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் பனி கூடுதலாகத் தேங்கும். சுழற்சி புரிகிறதா?

தார்னும் பின்னால் அந்த 'நைவேஷன்' என்ற சொல்லையே தூக்கிப் போட்டுவிடலாம், பல வேலைகளை ஒரே சாக்கில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று எழுதினார். சொல் போகவில்லை, இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது.

மலைகளில் படிக்கட்டு வெட்டியது போல இருப்பதும் இதனால்தானா?

அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே தட்டையான திண்ணைகளும் அவற்றுக்கு இடையே செங்குத்தான படிகளும் வரிசையாக இருக்கும். படியின் அடியில் பனித்திட்டு உட்கார்ந்து பின்சுவரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது என்பது ஒரு விளக்கம். பாறையின் அடுக்கும் வெடிப்புமே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், பாறை இடம் கொடுத்த இடத்தில் பனி உட்கார்ந்திருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செங்குத்துப் பாறைக்குக் கீழே திட்டு இருந்தால், மேலிருந்து உடைந்து விழும் கல் பனிமேல் சறுக்கிக்கொண்டு போய்க் கீழ் விளிம்பில் நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்தால் அங்கே ஒரு கல்வரப்பு எழும். பனி போன பிறகும் வரப்பு நிற்கும். அதையும், அதற்கும் பாறைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தையும் பார்த்தால், இங்கே ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய திட்டு இருந்தது என்று கண்ணாலேயே மதிப்பிட்டுவிடலாம்.

பனி மூடினால் அடியில் உள்ள நிலம் இன்னும் குளிருமா, சூடாகுமா?

இரண்டும். எப்போது மூடுகிறது, எப்போது விலகுகிறது என்பதைப் பொறுத்தது.

பனி நல்ல கம்பளி. உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் சுலபத்தில் கடக்காது. வெளியே மைனஸ் 35 டிகிரி இருக்கும்போதும், இரண்டு மூன்று மீட்டர் பனிக்கு அடியில் தரை பூச்சியத்துக்குச் சில டிகிரி மட்டும் கீழே சுகமாக இருக்கும். ஆகவே குளிர்காலக் கணக்கில் பனி மண்ணைச் சூடாக வைக்கிறது. இலையுதிர் காலத்திலேயே கனமாக மூடிவிட்டு ஜூனில் விலகிவிடும் பனி உறைநிலத்துக்கு எதிரி.

கோடையில் அதே கம்பளி எதிர்வேலை செய்யும். வெயில் எவ்வளவு அடித்தாலும் பனி இருக்கும் வரை அதன் அடித்தரை பூச்சியத்தைத் தாண்டாது. ஒரு கிலோ ஐஸை உருக்கிப் பூச்சிய டிகிரித் தண்ணீராக்க ஆகும் வெப்பம், அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதும், அவ்வளவையும் பனியே தின்றுவிடுகிறது. போதாததற்கு வெள்ளை மேற்பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகஸ்டு வரை கிடக்கும் திட்டுக்கு அடியில் மண் சில அங்குலம்தான் இளகும். கோடையைத் தாண்டிய திட்டுக்கு அடியில் இளகவே இளகாது.

விளைவாக, ஒரே சரிவில் நூறு மீட்டருக்குள் மூன்று விதமான நிலம் கிடக்கும். திட்டுக்கு அடியில் கல்லாக உறைந்தது, விளிம்பில் சகதி, கொஞ்சம் தள்ளி ஒரு மீட்டர் வரை இளகிக் காய்ந்தது. இந்தப் பக்கங்களில் வீடோ குழாயோ போடுகிறவர்களுக்கு இதுதான் தலைவலி. வீட்டைக் கட்டினாலே அதன் மறைவில் புதிதாக ஒரு பனிக்குவியல் சேர ஆரம்பிக்கும், அதன் கீழ் நிலத்தின் வெப்பக்கணக்கு மாறும்.

யெடோமா என்று ஒன்று சொல்கிறார்களே, அதற்கும் திட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைபீரியாவின் லேனா ஆறு ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கும் இடத்துக்குத் தென்கிழக்கே, திக்ஸி துறைமுகத்துக்குப் பக்கத்தில் பைகோவ்ஸ்கி என்ற தீபகற்பம் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 12, 13 டிகிரி. உறைநிலம் பல நூறு மீட்டர் ஆழம். அந்தத் தீபகற்பத்தின் கடற்கரையில் மாமொந்தோவி ஹயாட்டா என்று ஒரு மலைமுகடு, மாமூத் மலை என்று அர்த்தம் (மாமூத் என்றால் அழிந்துபோன ரோம யானை). கடலிலிருந்து கிட்டத்தட்ட 40 மீட்டர் எழுந்து நிற்கும் அந்தச் செங்குத்துக் கரையைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஐஸ். மண்ணில் ஐஸ் இருக்கிறது என்பதைவிட ஐஸ் சுவரில் அங்கங்கே மண் தூண்களைச் சொருகி வைத்தது போல என்று சொல்வதே சரி. ஐஸ் சாம்பல் நிறத்தில், நெடுக்குக் கோடுகளோடு, பளபளவென்று வழிந்துகொண்டே இருக்கும். இடையில் உள்ள மண் பழுப்பு, புல்வேர் நூல்நூலாகத் தொங்கும், கோடையில் மாட்டுத்தொழுவ வாடை அடிக்கும். ஐஸ் உருகிப்போன இடங்களில் மண் மட்டும் கூம்பு கூம்பாக, கறையான் புற்று மாதிரி மிஞ்சி நிற்கும். 1799-ல் இந்தத் தீபகற்பத்தில்தான் ஒரு எவென்கி வேட்டைக்காரர் சதையும் தோலும் மிச்சமிருந்த மாமூத் ஒன்றைக் கண்டார். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் நிற்பது அதன் எலும்புக்கூடுதான்.

இந்த வகை நிலத்துக்குத்தான் யெடோமா என்று பெயர். நெடுக்கு ஐஸ் எப்படி வந்தது என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. கடும் குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கிறது, வசந்தத்தில் பனி உருகிய தண்ணீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது, அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி வெடிக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராகத் தடித்து, கடைசியில் பல மீட்டர் அகலமுள்ள ஐஸ் ஆப்பு. 1890-களில் இந்தக் கடலோரத்தில் அலைந்த பாரன் எடுவார்ட் டோல் என்ற ரஷ்ய ஆய்வுப்பயணி, இவை புதைந்துபோன பழைய பனியாற்றின் மிச்சம் என்று நினைத்தார். அப்போதைக்கு அது நல்ல ஊகம்தான், ஆனால் தப்பு. பாவம், அவரே 1902-ல் பென்னெட் தீவிலிருந்து கடல் ஐஸ் மேல் நடந்து திரும்பும்போது காணாமல் போனார்.

ஐஸை விடுங்கள், மண் எங்கிருந்து வந்தது? 50,000 ஆண்டுக்கும் முன்னால் தொடங்கி சுமார் 12,000 ஆண்டுக்கு முன்பு வரை சேர்ந்த மண் அது. 40 மீட்டரை அந்தக் காலத்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில்தான் வரும், அதிலும் பெரும்பகுதி ஐஸ். ஒரு வெள்ளமோ சரிவோ கொண்டுவந்து கொட்டியது போல இல்லை. யாரோ ஆண்டுதோறும் ஒரு சிட்டிகை தூவிக்கொண்டே இருந்தது போல இருக்கிறது.

யாகுத்ஸ்க் உறைநில ஆய்வகத்தில் வேலை செய்த விக்டர் குனித்ஸ்கியும், அவரோடு சேர்ந்த ஜெர்மன் ஆய்வாளர்களும் சொன்ன பதில்: பனித்திட்டு. பைகோவ்ஸ்கிக்குப் பின்னால் ஹராவுலாஹ் மலைத்தொடர் நிற்கிறது. பனியுக காலத்தில் அதன் சரிவுகளிலும் பள்ளங்களிலும் எக்கச்சக்கமான திட்டுகள் இருந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் காற்று கொண்டுவரும் தூசியையும் புல்லையும் அவை பிடித்து வைக்கின்றன. விளிம்பில் உள்ள பாறை உறைபனியில் நொறுங்கி மெல்லிய வண்டலாகிறது, குவார்ட்ஸ் மணிகளே இந்த வேலையில் நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உடைந்துபோகும். கோடையில் திட்டு மெதுவாக உருகி, அந்தக் கலவையை மெல்லிய தகடு தகடாக மலையடிவாரச் சமவெளியில் பரப்பிவிடுகிறது. குளிர்காலம் வந்ததும் அது அப்படியே உறைந்து, மேலே அடுத்த ஆண்டின் தகடு. இன்றைய திட்டுகளில் சேரும் அழுக்கை எடுத்து யெடோமா மண்ணோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள் மாதிரி இருக்கின்றன: அதே மெல்லிய வண்டல், அதே புல் துணுக்கு.

அது காற்றில் பறந்துவந்த தூசி என்றுதானே படித்திருக்கிறேன்?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். சீனாவின் மஞ்சள் மண் மேடுகளைப் போல யெடோமாவும் காற்று கொண்டுவந்த தூசி என்பது பலமான கட்சி. 2015-ல் ஜூலியன் மர்ட்டன் தலைமையில் ஒரு குழு, கிழக்கு சைபீரியாவின் கொலிமா ஆற்றங்கரையில் உள்ள துவான்னி யார் என்ற கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, அங்கே தூசிதான் முதன்மை என்று எழுதியது. ஆறு, ஏரி கொண்டுவந்தது என்ற மூன்றாவது கட்சியும் பழசு.

என் அபிப்பிராயம், இடத்துக்கு இடம் விடை வேறு. கொலிமா சமவெளியில் பக்கத்தில் மலை இல்லை, அங்கே தூசி விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. லேனா முகத்துவாரத்திலோ மண்ணில் உள்ள கனிமங்களின் கலவை ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறது, அந்தந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள மலையோடு ஒத்துப்போகிறது. முழுக்கத் தூரத்துத் தூசி என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இன்னொன்றையும் யோசியுங்கள்: காற்றில் வந்த தூசியும் கடைசியில் எங்கே விழுந்தது? கணிசமான பங்கு பனித்திட்டின் மேல்தான். காற்றா, பனியா என்று பட்டிமன்றம் வைப்பதைவிட, காற்று கொண்டுவந்ததைப் பனி பிடித்து வைத்துத் தண்ணீர் பரிமாறியது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சொல்ல மறந்தேன், அதே துவான்னி யாரில் 38 மீட்டர் ஆழத்தில் புதைந்த ஒரு அணில் வளையிலிருந்து எடுத்த பழத்தின் திசுவை வைத்து, 2012-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் செடியே வளர்த்துப் பூக்க வைத்தார்கள். வயது சுமார் 32,000 ஆண்டு. இந்த மண் ஒரு ஃப்ரீசர் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

திட்டு உருகாமல் அப்படியே மண்ணுக்குள் புதைந்துபோகுமா?

போகும், அதற்கு மேலிருந்து மண் வழிந்து வந்து மூட வேண்டும். பனிமேல் மெல்லிய தூசிப் படலம் விழுந்தால் வெயிலை உறிஞ்சி உருகுவதை வேகப்படுத்தும். அதே மண் சில சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டினால் தலைகீழ், மூடிபோட்டது போலக் காப்பாற்றும். மேலே உள்ள மண் கோடையில் இளகும் ஆழத்தைவிடத் தடிமனாகிவிட்டால் அடியில் உள்ள ஐஸ் உறைநிலத்தின் அங்கமாகவே ஆகிவிடும், ஆயிரக்கணக்கான ஆண்டு கிடக்கும். ஆப்பு ஐஸில் நெடுக்குக் கோடு இருக்கும், புதைந்த பனியில் படுக்கை அடுக்கும் குட்டிக் காற்றுக்குமிழிகளும் இருக்கும். ஆனால் தண்ணீர் புகுந்து மறுபடி உறைந்திருந்தால் அடையாளம் குழம்பிப்போகும், அனுபவஸ்தர்களே சண்டை போடுவார்கள்.

பழைய திட்டுக்கு எத்தனை வயது இருக்கும்?

உள்ளே இருக்கும் குப்பையைக் கார்பன் முறையில் அளந்தால் தெரிந்துவிடும். ஆர்க்டிக்குக்குத் தெற்கே, நார்வேயின் யூதுன்ஹைமன் மலையில் யூவ்ஃபொன்னெ என்ற திட்டில் சுரங்கம் குடைந்து பார்த்தார்கள், அடி ஐஸின் வயது சுமார் 7,600 ஆண்டு. அது நகராததால்தான் பழசு அப்படியே மிஞ்சியது. பனியாறாக இருந்திருந்தால் எப்போதோ வழிந்து போயிருக்கும்.

கனடாவின் பாஃபின் தீவில் இன்னும் அழகான ஒரு தடயம் உண்டு. அங்கே மேட்டுநிலத்தில் படர்ந்திருக்கும் மெல்லிய, நகராத ஐஸ் மூடிகள் இப்போது விளிம்பிலிருந்து சுருங்கி வருகின்றன, உள்ளேயிருந்து பாசிச் செடிகள் முளைத்த இடத்திலேயே, நின்ற நிலையிலேயே வெளிவருகின்றன. கிஃபர்ட் மில்லர் என்ற ஆய்வாளரின் குழு அவற்றின் வயதைப் பார்த்தது. பலவும் 1275-க்கும் 1300-க்கும் இடையே, இன்னொரு கூட்டம் 1430-க்கும் 1455-க்கும் இடையே செத்தவை. அந்த ஆண்டுகளில் விழுந்த பனி அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் விலகவில்லை என்று அர்த்தம். சில நூற்றாண்டு நீடித்த குளிர்ந்த காலமான 'குட்டிப் பனியுகம்' எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு ஒரு பாசி சொன்ன சாட்சி.

செடி, விலங்குகளுக்கு ஏதாவது பலன்?

சீக்கிரம் விலகும் விளிம்பில் குட்டையான புதர், கொஞ்சம் உள்ளே விரல் உயரம்கூட இல்லாத துருவ வில்லோ, அதற்கும் உள்ளே பாசி மட்டும், நடுவில் வெறும் சேறு. வட்டம் வட்டமாக நிற்கும், செடியைப் பார்த்தே பனி எந்த வாரத்தில் விலகுகிறது என்று சொல்லிவிடலாம். கல்லில் ஒட்டும் லைக்கனுக்கு நீண்ட பனி ஆகாது, செத்துவிடும், ஆகவே வெளிறிய பாறை இருந்தால் அங்கே சமீப நூற்றாண்டுகளில் திட்டு இருந்தது என்று பொருள்.

கலைமான்களுக்கு இது கொசுவலை. ஜூலையில் கொசுவும் ஈயும் மொய்க்கும்போது மந்தை மந்தையாகப் பனிமேல் வந்து நின்றுகொள்ளும், சாணி போடும், அந்தச் சாணியும் அடுக்கில் சேரும்.

வெப்பம் கூடினால் திட்டுகள் என்ன ஆகும்? போனால் போகட்டும் என்று விடக்கூடாதா?

சின்னதாக இருப்பதால் முதலில் போவது இவைதான், சந்தேகமில்லை. போன உடனே இரண்டு காரியம் நடக்கும். அடியில் இளகாமல் இருந்த நிலம் முதல்முறையாகக் கோடை வெயிலைப் பார்க்கும். கீழ்ச்சரிவுக்கு ஆகஸ்டுத் தண்ணீர் நின்றுபோகும், பச்சைக் கோடு காயும்.

ஆனால் குளிர்காலப் பனி கூடும் இடங்களில் கதை எதிராகவும் போகும். கூடுதல் பனி விழுந்து, அதுவும் சீக்கிரமே உருகிவிட்டால், உறைநிலத்துக்குக் கம்பளி மட்டும் மிச்சம், கோடைக் குடை கிடையாது. அதுதான் மோசமான சேர்க்கை. வடக்கின் உறைநில மண்ணில் மொத்தம் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கார்பன் அடைபட்டிருக்கிறது, இன்றைய காற்றில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் யெடோமாவின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல, ஐஸ் அதிகம் என்பதால் இளகினால் நிலமே இடிந்து உட்கார்ந்துவிடும்.

நேரில் போக முடியாது, வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?

தாராளமாக. இலவசச் செயற்கைக்கோள் படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன. திக்ஸி என்று தேடி, அங்கிருந்து மேற்கே உள்ள மலைகளுக்கு நகருங்கள், ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டு மாதத்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள், மேகமில்லாத நாளாக இருக்கட்டும். முதலில் ஒன்றுமே தெரியாது, எல்லாம் பழுப்பு. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஓடைப் பள்ளங்களின் ஒரே பக்கத்தில், எல்லாம் ஒரே திசை பார்த்து, நகத்துணுக்கு மாதிரி வெள்ளைக் கீற்றுகள் தெரியும். அந்தத் திசையை வைத்தே அங்கே குளிர்காலக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். கீற்றுக்குக் கீழே கறுத்த ஈர விசிறி ஒன்று விரிந்திருக்கும், அதைத் தொட்டு ஒரு பச்சை. மார்ச் மாதப் படத்தை மட்டும் திறந்துவிடாதீர்கள், எல்லாமே வெள்ளையாக இருக்கும், எது திட்டு என்று தேடியே பொழுது போய்விடும்.